ஊர் வழக்கும் உலக இலக்கியமும்: ஸ்பானிய மொழியை முன்வைத்து ஓர் அறிமுகம்

மாணவரும் பழைய மாணவரும் ஒருங்கே படித்துப் பயன்கொள்ளத்தக்க கட்டுரையொன்று இம்மலருக்கு வேண்டுமென மலர்க்குழுவினர் பணித்தபோது, சங்கச் செய்யுள் பற்றியோ நாவலர் வசனநடை பற்றியோ எழுதுவேனென்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யான் எடுத்துக்கொண்ட பொருளோ ஸ்பானிய மொழியின் வழக்குகளும் ஐரோப்பிய இலக்கிய இயக்கங்களும். புளியங்குளத்துத் தமிழாசிரியனுக்கு ஸ்பெயின் தேசத்தோடு யாது தொடர்பு என வினவுவார் உளராயின், அவ்வினா நியாயமானதே. யான் அம்மொழியைப் பேசப் பயின்றவனல்லேன். மொழிநூல்கள் வாயிலாகவும் மொழிபெயர்ப்புகள் வாயிலாகவும் அறிந்தவற்றையே இங்கு கூறுகின்றேன். ஆயினும் அயலான் வீட்டு விளக்கொளியிலே நம் வீட்டு முற்றம் சிலவேளை தெளிவாய்த் தெரிவதுண்டு. அத்தெளிவு கருதியே இவ்விடயத்தை எடுத்துக்கொண்டேன்.

ஒரே முடியின்கீழ்

1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கையில் வீழ்ந்தது என்பதை நம் மாணவர் யாவரும் வரலாற்றுப் பாடத்திற் படித்துள்ளனர். அவ்வாண்டிலே போர்த்துக்கலுக்கு அரசனாய் இருந்தவன் யாவன் என்பதைப் பலர் எண்ணிப்பார்த்ததில்லை. 1580 தொடக்கம் 1640 வரை போர்த்துக்கலும் ஸ்பெயினும் ஒரே முடியின்கீழ் அமைந்திருந்தன. ஸ்பெயின் தேசத்து மூன்றாம் பிலிப்பு மன்னனே 1619இல் போர்த்துக்கலையும் ஆண்டவன். ஐரோப்பாவின் முதற்பெரும் நாவல் எனப் பலரும் போற்றும் 'டொன் கிஹோத்தே' 1605இலும் 1615இலும் இரு பாகங்களாக வெளிவந்தது அவன் காலத்திலேயே. ஆகவே, அந்நாவலை இயற்றிய செர்வாந்தேஸ் எந்த மன்னனுக்குக் குடியாய் இருந்தாரோ, அந்த மன்னன் பெயராலேயே நல்லூர் கைப்பற்றப்பட்டது.

அவ்வாட்சி சென்றொழிந்தது, அது விட்டுச்சென்ற சொற்கள் நம் நாவில் இன்னும் உள்ளன. மேசை, அலுமாரி, பாண், சப்பாத்து என்பன போர்த்துக்கேய மொழியிலிருந்து நாம் பெற்றவை. இலத்தீன் மொழியின் இரு புதல்வியராகிய போர்த்துக்கேயமும் ஸ்பானியமும் உடன்பிறந்தவை ஆதலின், ஸ்பானியரும் மேசையை 'மேசா' என்றும், பாணைப் 'பான்' என்றும், அலுமாரியை 'ஆர்மாரியோ' என்றுமே வழங்குவர். ஆனால், கதிரைக்கும் யன்னலுக்கும் அவர்கள் வேறு சொல் வழங்குவர். திறவுகோலைக் குறிக்கும் ஒரே இலத்தீன் சொல், போர்த்துக்கேயத்தில் 'ஷாவே' எனவும் ஸ்பானியத்தில் 'யாவே' எனவும் திரிந்தது. போர்த்துக்கேய வடிவமே தமிழகத்தில் 'சாவி' ஆயிற்று. நாமோ 'திறப்பு' என்னும் தமிழ்ச்சொல்லை வைத்துக்கொண்டோம். ஒருதாய் மக்களிடையே ஒற்றுமையும் வேற்றுமையும் எவ்வாறு அமையும் என்பதற்கு இச்சொற்களே போதிய சான்றாம்.

ஸ்பானிய மொழியின் கிளைகள்

ஸ்பெயின் தேசத்து மொழிகள் யாவும் ஸ்பானிய மொழியின் கிளைகள் எனக் கருதுதல் பிழை. கத்தலானியமும் கலீசியமும் ஸ்பானியத்தைப் போன்றே இலத்தீனிலிருந்து தனித்தனியே கிளைத்த மொழிகள். பாஸ்கு மொழியோ இலத்தீனோடு பிறப்புறவே இல்லாதது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு, இவைபோன்ற மொழிகளும் தத்தம் பிரதேசங்களில் ஆட்சிமொழியாதற்கு இடமளித்தது. நாம் பொதுவாக ஸ்பானியம் எனக் கூறுவது, வடபால் கஸ்தீலியா என்னும் சிறு நாட்டிலே தோன்றிய கஸ்தீலிய மொழியையே. அந்நாட்டரசு தெற்கு நோக்கிப் பரவியபோது மொழியும் உடன் பரவிற்று. 13ஆம் நூற்றாண்டில் பத்தாம் அல்போன்சு மன்னன் வரலாறும் சட்டமும் வானநூலும் அம்மொழியில் எழுதுவித்தான். 1492ஆம் ஆண்டிலே கிரனாடா வீழ்ந்தது. கொலம்பஸ் மேற்றிசைக் கடலிற் புறப்பட்டார். நெப்ரிஹா என்னும் அறிஞர் கஸ்தீலிய மொழிக்கு இலக்கணம் வகுத்து அச்சிட்டார். இன்று அம்மொழி இருபது நாடுகளில் ஆட்சிமொழியாகவும், ஏறத்தாழ 50 கோடி மக்களின் தாய்மொழியாகவும் விளங்குகின்றது.

இத்துணைப் பரந்த நிலத்தில் ஒரு மொழி ஒரே வகையாய் ஒலித்தல் இயலாது. முதலாவது வேறுபாடு ஒலி பற்றியது. வீட்டைக் குறிக்கும் 'காசா' என்னும் சொல்லையும் வேட்டையைக் குறிக்கும் வேறொரு சொல்லையும் ஸ்பெயினின் வடக்கிலும் நடுப்பகுதியிலும் உள்ளோர் இரு வேறு ஒலிகளால் வேறுபடுத்துவர். பின்னையதில் நாநுனி பல்லிடையே பட்டு ஒலிக்கும். தெற்கே அந்தலூசியாவிற் பெரும்பகுதியிலும், கனேரித் தீவுகளிலும், அமெரிக்கக் கண்டம் முழுவதிலும் இவ்வேறுபாடு மறைந்துவிட்டது. அமெரிக்காவிற் குடியேறியோர் செவில்லா நகர்த் துறைவழியே சென்றதும், அவருட் பலர் அந்தலூசியர் ஆனதும் இதற்கு முதன்மையான காரணங்களாம்.

இதனை நாம் வியத்தற்கில்லை. நம்மவர் பேச்சிலே 'பழம்' பெரும்பாலும் 'பளம்' என்றே ஒலிக்கின்றது. எழுத்திலோ வேறுபாடு காக்கப்படுகின்றது. 'வாழை' என எழுதவேண்டிய இடத்தில் 'வாளை' என எழுதி மதிப்பெண் இழக்கும் நம் மாணவனும், எழுத்தொன்றை மாற்றியெழுதித் திருத்தப்பெறும் மெக்சிக்கோ நாட்டு மாணவனும் ஒரே துன்பத்துக்கு ஆளானவர்கள். அவ்விருவரும் மூடரல்லர், காது கேளாத வேறுபாட்டைக் கை எழுதவேண்டியிருப்பதே அவர்தம் இடர்ப்பாடு.

இரண்டாவது வேறுபாடு சொல் பற்றியது. 'குவாகுவா' என்னும் சொல் கியூபாவிலும் கனேரித் தீவுகளிலும் பேருந்தைக் குறிக்கும். சிலி, பெரு முதலிய நாடுகளிலே கைக்குழந்தையைக் குறிக்கும். 'குவாகுவாவைப் பிடித்துக்கொண்டு வந்தேன்' என ஒருவர் கூறின், கேட்பார் எந்நாட்டார் என்பதைப் பொறுத்தே பொருள் அமையும்.

மூன்று சுட்டும் மூன்று முன்னிலையும்

மூன்றாவது வேறுபாடு இலக்கணம் பற்றியது. அதனை ஆராயுமுன் ஓர் அரிய ஒற்றுமையைக் கூறுதல் வேண்டும். ஆங்கிலத்துக்குச் சேய்மையும் அண்மையுமாகிய இரு சுட்டுகளே உள. ஸ்பானியத்துக்கோ மூன்று உள: பேசுவோனுக்கு அணியது, கேட்போனுக்கு அணியது, இருவர்க்கும் சேயது. தொல்காப்பியனார் அகர இகர உகரங்கள் மூன்றையும் சுட்டு என வகுத்தார். தமிழகத்துப் பேச்சிலே உகரச்சுட்டு வழக்கிறந்தது. ஈழத்து வடபுலத்திலோ 'உது என்ன?', 'உவன் ஆர்?', 'உங்கை வை' என இன்றும் உயிரோடு வழங்குகின்றது. கேட்போனுக்கு அருகே உள்ளதையே 'உது' பெரும்பாலும் சுட்டுகின்றது. நம் அம்மாமார் அடுக்களையிலிருந்து 'உதை எடுத்துக்கொண்டு வா' என்று அழைக்கும்போது, ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய இலக்கணமொன்று அங்கே தொழிற்படுகின்றது.

முன்னிலைப் பெயர்களிலும் இவ்வாறே. 'வோஸ்' என்னும் முன்னிலைச் சொல் ஒருகாலத்தில் ஸ்பெயினில் மதிப்புக்குரியதாய் இருந்து, பின்னர் மதிப்பிழந்து, ஈற்றில் அங்கு வழக்கொழிந்தது. ஆர்ஜென்டினா, உருகுவே முதலிய நாடுகளிலும் மத்திய அமெரிக்காவிலும் அது நண்பரிடையே வழங்கும் இயல்பான சொல்லாய் நிலைபெற்றுவிட்டது. நம்மிடத்தும் 'நீ'க்கும் 'நீங்க'ளுக்கும் இடையில் 'நீர்' என்னும் நடுநிலை முன்னிலை உண்டு. பிற இடங்களிற் பெரும்பாலும் ஏட்டோடு நின்றுவிட்ட இச்சொல்லை, யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் ஒத்த வயதினரும் ஆசிரியரும் இன்றும் இயல்பாய் ஆளுகின்றனர்.

மொழியின் நடுவிடத்தில் அழிந்தது அதன் ஓரத்திற் பிழைத்திருத்தல் உலகெங்கும் காணப்படும் நியதி. 1492இல் ஸ்பெயினை விட்டு வெளியேற்றப்பட்ட யூதர் துருக்கியிலும் கிரேக்க நாட்டிலும் குடியேறினர். ஸ்பெயினில் மறைந்துபோன பழைய ஒலிகள் சிலவற்றை அவர்தம் வழித்தோன்றல்கள் பல நூற்றாண்டுகள் காத்தனர். ஊரிழந்தாரிடம் ஊரின் பழஞ்சொல் எஞ்சியிருந்தது. இவ்வரலாற்றைப் படிக்கும்போது என் நெஞ்சு நம் ஊரையே நினைத்தது. 1997ஆம் ஆண்டுப் போரிலே புளியங்குளம் வெறிதாயிற்று. சென்றவிடத்து நாம் அவ்விடத்துச் சொற்களைப் பயின்றோம். நம் சொற்களையும் உடன்கொண்டு திரிந்தோம். கடல் கடந்து சென்ற நம் பழைய மாணவர் பலர் இன்று பிறமொழிச் சூழலில் வாழ்கின்றனர். அவர்தம் இல்லங்களிலும் 'உது' என்னும் சொல் பிழைத்திருக்கின்றதா என அவர்களே எண்ணிப்பார்ப்பார்களாக.

வகுப்பறையில் நிகழ்ந்த ஒன்று

புளியங்குளம் ஒரு சந்தி. கண்டி வீதியிலிருந்து நெடுங்கேணி வழியே முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதி இங்கேதான் பிரிகின்றது. வீதிகளைப் போன்றே வழக்குகளும் வன்னியிற் கூடுகின்றன. பழங்குடிகளாகிய வன்னி மக்களும், காணி பெற்று வந்த யாழ்ப்பாணத்தாரும், 1970களின் பஞ்சத்தாலும் 1977ஆம் ஆண்டு முதலான வன்செயல்களாலும் மலைநாட்டை விட்டு வந்த மக்களும் இம்மண்ணில் அருகருகே வாழ்கின்றனர்.

யான் ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி முடித்து, முதன்முதல் நியமனம் பெற்ற பள்ளியொன்றிலே நிகழ்ந்ததை ஈண்டுக் கூறுதல் வேண்டும். ஏழாம் வகுப்பு மாணவனொருவன், மலையகத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை, தான் எழுதிய கட்டுரையை எழுந்துநின்று வாசித்தான். 'ராத்திரி தாத்தா எங்கிட்ட ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தாங்க' என்றொரு வாக்கியம் அதில் இருந்தது. உடனே பின்வரிசையிலிருந்து, 'ஏன் பேசினவர்? நீ என்ன பிழை செய்தனி?' என ஒரு குரல் எழுந்தது. வகுப்பு முழுவதும் சிரித்தது. நம் வழக்கிலே 'பேசுதல்' என்றால் ஏசுதல். உரையாடுதலைக் 'கதைத்தல்' என்போம். இது தற்செயலாய் நேர்ந்த பொருள் மயக்கமே. ஆனால், யானும் சிரித்தேன். சிரித்ததோடு அமையாது, 'சரியான தமிழிலே வாசி. கதைத்துக்கொண்டிருந்தார் என்று சொல்லு' எனத் திருத்தவுஞ் செய்தேன். அம்மாணவன் திருத்தி வாசித்தான். அத்தவணை முடியும்வரை அவன் பின்னொருபோதும் தானாக எழுந்து வாசிக்கவில்லை.

யான் செய்த பிழை யாது என்பதை உணரப் பல ஆண்டுகள் சென்றன. எழுத்துத் தமிழ்க் கட்டுரையில் 'பேசிக்கொண்டிருந்தார்' என வருதலே மரபு. அவன் எழுதிய 'பேசிக்கிட்டு' என்பதும், நம்மவர் கூறும் 'கதைச்சுக்கொண்டு' என்பதும் அதிலிருந்து ஒரேயளவு விலகிய பேச்சு வடிவங்கள். 'பேசு' என்னும் வினையை ஆண்டமையால் அவன் எழுத்து வழக்குக்கு நம்மிலும் அணியனாகவே நின்றான். யான் அவனுக்குச் சரியான தமிழைக் கற்பிக்கவில்லை. என் ஊர் வழக்கைச் சரியான தமிழ் எனக் கற்பித்தேன்.

'டொன் கிஹோத்தே'யைப் படித்தபோது இந்நிகழ்ச்சி மீண்டும் நினைவுக்கு வந்தது. பழைய வீரகாவியங்களைப் படித்து மதிமயங்கிய பிரபு, வழக்கிறந்த பழஞ்சொற்களாற் பேசுகின்றார். அவருடைய பணியாள் சாஞ்சோ எழுத்தறியாத உழவன். பழமொழிகளை அடுக்கி நாட்டுப்புறத்தான் பேச்சையே பேசுகின்றான். பிரபு அவன் சொற்பிழைகளை இடையறாது திருத்துகின்றார். ஓரிடத்திலே சாஞ்சோ சலிப்புற்று, அரசவையில் வளராமலும் சலமாங்காப் பல்கலைக்கழகத்திற் படியாமலும் இருக்கும் தன்னிடம் அம்மொழியை எதிர்பார்த்தல் தகுமோ என்னும் கருத்துப்பட மறுமொழி கூறுகின்றான். செர்வாந்தேஸ் இருவருள் எவரையும் முற்றாக நகையாடவில்லை. இருவர் மொழிக்கும் ஒரே நூலில் இடமளித்தார். அந்நூல் நானூறு ஆண்டுகள் கடந்தும் நின்று நிலவுகின்றது.

ஐரோப்பிய இயக்கங்கள்: எவருடைய மொழி?

ஐரோப்பிய இலக்கிய இயக்கங்களைப் பெயரும் ஆண்டுமாக மனனஞ் செய்தல் பயன்தராது. ஒவ்வோர் இயக்கமும் எழுப்பிய வினாக்களுள் ஒன்றைப் பற்றிக்கொண்டு நோக்கின் அவ்வரலாறு எளிதில் விளங்கும். இலக்கியம் எவருடைய மொழியில் எழுதப்படுதல் வேண்டும் என்பதே அவ்வினா.

மறுமலர்ச்சிக் காலத்துக்குச் சற்று முன்னரே தாந்தே (1265–1321) தம் பெருங்காப்பியத்தை இலத்தீனில் இயற்றாது, தம் ஊராகிய புளோரன்சின் மொழியில் இயற்றினார். மறுமலர்ச்சிக் காலத்திலே கிரேக்க, இலத்தீன் நூல்கள் மீண்டும் கற்கப்பட்டன. அதேவேளை தாய்மொழிகளும் தலைநிமிர்ந்தன. நெப்ரிஹாவின் இலக்கணமும், ஸ்பானியரின் பொற்காலம் எனப்படும் செர்வாந்தேஸ், லோப்பே தெ வேகா ஆகியோர் காலமும் இவ்வெழுச்சியின் பயனேயாம்.

அடுத்து எழுந்தது புதுச்செந்நெறி வாதம். பிரான்சிலே புவாலோ 1674இற் செய்யுட்கலை பற்றிய நூலொன்றை எழுதினார். ஒழுங்கு, அளவு, தெளிவு என்பனவே இலக்கியத்தின் உயிர் என இவ்வியக்கத்தார் கொண்டனர். தாழ்ந்தோர் சொல் உயர்ந்தோர் காப்பியத்திற் புகுதல் ஆகாது எனவும் விலக்கினர். 1713இல் ஸ்பெயினில் அரச மொழிக்கழகம் தோன்றியதும் இக்கால மனப்பாங்கின் விளைவே.

இவ்வொழுங்கினை எதிர்த்து எழுந்தது மனோரதிய இயக்கம். ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த், கோல்ரிட்ஜுடன் சேர்ந்து 1798இல் வெளியிட்ட கவிதைத் தொகுதியின் மறுபதிப்புக்கு 1800இல் முன்னுரை எழுதினார். எளிய மனிதர் உண்மையாகப் பேசும் மொழியே கவிதைக்கும் தக்கது என்பது அதன் சாரம். உள்ளத்து உணர்ச்சி, இயற்கை, நாட்டார் பாடல், தனிமனிதன் உரிமை ஆகியன இவ்வியக்கத்தால் ஏற்றம் பெற்றன.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யதார்த்தவாதம் மேலோங்கியது. பிரான்சில் பல்சாக்கும் புளோபேரும், இரசியாவில் தோல்ஸ்தோயும், ஸ்பெயினில் கல்தோசும் தத்தம் சமுதாயத்தை உள்ளவாறு காட்ட முனைந்தனர். உள்ளவாறு காட்டுதலெனின் உள்ளவாறு பேசவைத்தலும் வேண்டுமன்றோ? இயற்பண்புவாதியாகிய சோலா, 1877இல் நூல்வடிவில் வந்த தம் நாவலொன்றிலே பாரிசு நகரத் தொழிலாளரின் கொச்சைமொழியை உரையாடலில் மட்டுமன்றிக் கதைகூறும் நடையிலும் கையாண்டார். அந்நாவலின் பொருளைப் போன்றே அதன் மொழியும் பெருங்கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அதற்கு ஐந்தாண்டுகளின் முன்னரே, 1872இல், ஆர்ஜென்டினாவின் ஹொசே ஹெர்னாந்தெஸ், புல்வெளியில் மாடு மேய்க்கும் மக்களின் பேச்சிலேயே 'மார்த்தின் பியெரோ' என்னும் நெடுங்கவிதையை வெளியிட்டிருந்தார். கொச்சை எனப்பட்ட மொழியில் எழுந்த அந்நூல் இன்று அந்நாட்டின் தேசிய காப்பியமாகப் போற்றப்படுகின்றது.

யதார்த்தவாதம் புறவுலகைக் காட்டிற்று. அகவுலகை உணர்த்தக் குறியீட்டுவாதம் எழுந்தது. 1857இல் பொதலேயர் வெளியிட்ட கவிதைத் தொகுதி அதற்கு வழிகோலிற்று. பிரெஞ்சுக் கவிதையின் இப்புதுமையை உட்கொண்டு, நிக்கராகுவா நாட்டு இளைஞர் ரூபன் தாரியோ 1888இல் சிலி நாட்டிலே தம் நூலை வெளியிட, 'மொதெர்னிஸ்மோ' என்னும் இயக்கம் ஸ்பானிய மொழியெங்கும் பரவிற்று. அதுகாறும் ஸ்பெயினிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற இலக்கியப் புதுமை, அப்போதே முதன்முறையாக அமெரிக்காவிலிருந்து ஸ்பெயினுக்கு வந்தது. ஓரத்திலுள்ளோர் நடுவிடத்தார்க்குக் கற்பித்தலும் கூடும் என்பதற்கு இதனிற் சிறந்த சான்றில்லை. பின்னர் அந்தலூசியக் கவிஞர் லோர்கா, தம் ஊர் நாட்டார் பாடலையும் 20ஆம் நூற்றாண்டின் புதுக்கவி மரபுகளையும் இணைத்துப் பாடினார். 1936இல் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது கொல்லப்பட்டார்.

ஈழத்திலே அவ்வினா

ஐரோப்பாவின் படிகளை நம் வரலாற்றில் அவ்வாறே தேடுதல் தவறு. ஆயினும் அவ்வினா நம்மிடையேயும் எழுந்தது. ஆறுமுக நாவலர் (1822–1879) பிழையற்ற, தெளிந்த வசனநடையை நமக்கு அமைத்துத் தந்தார். பாரதியார் 'ஷெல்லிதாசன்' எனப் புனைபெயர் பூண்டதே ஆங்கில மனோரதியக் கவிஞர்பால் அவர் கொண்ட ஈடுபாட்டைக் காட்டும். எளிய சொற்களிற் காவியஞ் செய்தல் வேண்டுமென்னும் கொள்கையைப் 'பாஞ்சாலி சபத'த்தின் முகவுரையில் அவர் விளக்கினார். விபுலாநந்த அடிகளார் 1926இல் 'மதங்க சூளாமணி' வாயிலாகச் சேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழுக்கு அறிமுகஞ் செய்தார். அயல் இலக்கியத்தை அறிதல் தமிழ்ப்பற்றுக்கு மாறானதன்று என்பதற்கு அடிகளாரே நமக்குச் சான்று.

1930இல் தொடங்கிய 'ஈழகேசரி'யும், 1946 முதல் 1948 வரை வெளிவந்த 'மறுமலர்ச்சி'யும் ஈழத்துச் சிறுகதைக்கும் கவிதைக்கும் களமமைத்தன. 1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றியபின், உழைப்போரும் ஒடுக்கப்பட்டோரும் கதைமாந்தராயினர். அவர்கள் வாயில் இலக்கணச் சுத்தமான தமிழை வைத்தால் அது பொய்யாகும் என எழுத்தாளர் வாதித்தனர். மரபு காப்போர், அச்சேறத் தகாத வழக்கு அச்சேறுகின்றதென வருந்தினர். 'இழிசனர் வழக்கு' என்னும் கடுஞ்சொல்லும் அப்போது எழுந்தது. 1960களின் தொடக்கத்தில் நிகழ்ந்த இவ்வாதம் 'மரபுப் போராட்டம்' என்றே பெயர்பெற்றது. கைலாசபதி, சிவத்தம்பி முதலிய திறனாய்வாளர் எழுத்தாளர் பக்கம் நின்றனர்.

இரு சாராரிடத்தும் உண்மை இருந்தது என்பதே என் துணிபு. பொதுவான எழுத்துமொழி இல்லையேல் மட்டக்களப்பாரும் மன்னாரும் மலைநாட்டாரும் தமிழகத்தாரும் ஒருவர் எழுத்தை மற்றவர் படித்தல் அரிதாகும். நாவலர் வழிவந்தோர் அஞ்சியது அதற்கே. ஆனால் ஒரு சாராரின் பேச்சை 'இழிந்தது' என்றபோது, அப்பழி சொல்லோடு நில்லாது பேசுவோனையுஞ் சென்று பற்றிற்று. காலப்போக்கில் எழுத்தாளர் இதற்கு ஒரு வழி கண்டனர். கதை கூறுதல் பொதுமொழியில். உரையாடல் அவ்வவர் வழக்கில். இன்று பெரும்பாலான நாவல்கள் இந்நெறியிலேயே அமைகின்றன.

ஸ்பானியரும் ஏறத்தாழ இம்முடிவுக்கே வந்தனர். நெடுங்காலம் மத்ரித் நகரத்து வழக்கே அளவுகோலாய் இருந்தது. 1951இல் மொழிக்கழகங்கள் மெக்சிக்கோவிற் கூடிச் சங்கமொன்றை அமைக்க முனைந்தன. 2009இல் வெளிவரத் தொடங்கிய பேரிலக்கணம் அக்கழகங்கள் யாவும் கூடி இயற்றியது. ஒரு நாட்டு வழக்கை மற்றெல்லார்க்கும் விதியாக்காமல், எந்த நாட்டில் எவ்வாறு வழங்கும் எனக் காட்டிச் செல்வது. பொதுமை குலையவில்லை, ஊர் வழக்கும் இழிவடையவில்லை.

வன்னியின் சொல்வளம்

வன்னி வழக்கு யாழ்ப்பாண வழக்கோடு நெருங்கிய உறவுடையது. ஆயினும் குளத்தையும் காட்டையும் வயலையும் சார்ந்த சொற்களில் அதற்கெனத் தனிச்செல்வம் உண்டு. குளத்துநீர் மிகுந்து வழிதலை 'வான் பாய்தல்' என்போம். நீரை வயலுக்குத் திறந்துவிடும் மதகு 'துருசு'. குளத்தின் நீர்விளிம்பு 'அலைகரை'. நெற்கதிரை அடித்தெடுத்தல் 'சூடடித்தல்'. மாடுகட்டி மிதிப்பித்த காலத்தில் 'சூடு மிதித்தல்'. களத்திலே அளக்கும் நெல்லுக்கும் அங்குள்ள கருவிகளுக்கும் மங்கலங்கருதித் தனிப்பெயர்கள் வழங்கின. நெல்லைப் 'பொலி' என்றமை அவற்றுள் ஒன்று. பயிரழிக்கும் பன்றியையும் குருவியையும் பற்றிய 'பண்டிப் பள்ளு', 'குருவிப் பள்ளு' ஆகிய நாட்டார் பாடல்களும் இம்மண்ணிற்கு உரியவை.

இச்செல்வம் நவீன இலக்கியத்திலும் இடம்பெற்றது. அ. பாலமனோகரன் 1973இல் வெளியிட்ட 'நிலக்கிளி' நாவல் தண்ணிமுறிப்புக் குளத்தையும் காட்டையும் களமாய்க் கொண்டது. வன்னி மக்களின் வாழ்வும் வாக்கும் அதனூடாகவே ஈழமெங்கும் அறியப்பட்டன எனின் மிகையாகாது. முள்ளியவளை தந்த முல்லைமணி நாடகத்தாலும் நாவலாலும் இம்மண்ணின் வரலாற்றைப் பேசினார். ஹெர்னாந்தெஸ் தம் புல்வெளிக்குச் செய்ததை இவர்கள் நம் காட்டுக்கும் குளத்துக்கும் செய்தனர்.

ஆயினும் பொறி வந்து சூடடிக்கும் இக்காலத்திலே களத்துச் சொற்கள் விரைந்து மறைகின்றன. அவற்றை அறிந்த முதியோரும் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றனர். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, யாழ்ப்பாண வழக்கு என்னும் குறிப்போடு பல சொற்களைப் பதிந்து காத்தது. அதற்கு அடிகோலியவற்றுள் 1842இல் யாழ்ப்பாணத்தில் அச்சான அகராதியும் ஒன்று. வன்னிச் சொற்களுக்கும் அத்தகைய பணி நிறைவுறச் செய்யப்படல் வேண்டும். அதனைப் பல்கலைக்கழகத்தார் மட்டுமே செய்தல் வேண்டுமென்பதில்லை. ஒவ்வொரு மாணவனும் தன் பாட்டன் பாட்டியிடம் கேட்டுப் பத்துச் சொற்களை, பொருளோடும் வழங்கும் இடத்தோடும், ஒரு கொப்பியில் எழுதின், ஒரு வகுப்பு ஓராண்டில் ஒரு சிற்றகராதியை ஆக்கிவிடும்.

அக்கொப்பியிலே ஒரு விதியை மட்டும் யான் வேண்டுவேன். மலையகத்துப் பாட்டியின் சொல்லும், வன்னிப் பாட்டனின் சொல்லும், தீவகத்திலிருந்து வந்த அம்மம்மாவின் சொல்லும் ஒரே அகரவரிசையில் நிற்றல் வேண்டும். ஒன்றன் எதிரே 'பிழை' என்னும் குறிப்பு வருதல் கூடாது. பரீட்சை விடைத்தாளில் எழுத்துத் தமிழை வழுவின்றி எழுதுக. அதனைக் கற்பித்தல் என் கடமை, அதில் யான் தளரேன். ஆனால், வீட்டிலிருந்து பிள்ளை கொண்டுவரும் சொல்லைக் கேட்டுச் சிரிப்பதற்கு எனக்கு உரிமையில்லை என்பதை ஒரு மாணவனின் மௌனத்திலிருந்து கற்றுக்கொண்டேன். இன்று அவன் எங்கு வாழ்கின்றானென அறியேன். இம்மலர் எவ்வழியேனும் அவன் கையை எட்டுமாயின், அவனுடைய வாக்கியத்தில் 'பேசி' என்னும் சொல் சரியாகவே இருந்தது என்பதை அவன் அறிந்துகொள்வானாக.

பல ஊர் மக்களையும் பல வழக்குகளையும் தன் நிழலில் ஒருங்குகூட்டி வளர்க்கும் நம் கல்லூரித் தாய் நீடு வாழ்க.